சென்னையில் பிறந்த 360 வரிகள்

சென்னை விஜய் ஹ்யூமன் சர்வீசஸ் 1983-ல் வெளியிட்ட ஓர் அளவுகோல் இருக்கிறது. ‘மெட்ராஸ் டெவலப்மென்டல் புரோகிராமிங் சிஸ்டம்’ என்பது முழுப்பெயர். எம்.டி.பி.எஸ். என்றால்தான் சிறப்புக் கல்வி ஆசிரியர்களுக்குச் சட்டென்று புரியும். உருவாக்கியவர்கள் பி.ஜெயச்சந்திரன், வி.விமலா. சாப்பிடுவது, உடுத்துவது, பேசுவது, காசு எண்ணுவது என 18 பிரிவுகள். பிரிவுக்கு 20 வீதம் 360 வரிகள். ஒவ்வொரு வரியும் ஒரு செயல். பிள்ளை அதைச் செய்தால் ‘ஏ’, செய்யாவிட்டால் ‘பி’. மந்தம், பிடிவாதம் என்றெல்லாம் எழுத அதில் இடமே கிடையாது.

அந்தச் சொற்களுக்கு எதிரான வழக்கு பழையது. கண்ணுக்குத் தெரியும் நடத்தை மட்டுமே உளவியலுக்குப் போதும் என்று 1913-ல் அறிவித்தார் உளவியலாளர் ஜான் வாட்சன். பி.எஃப்.ஸ்கின்னர் அதோடு நிற்கவில்லை. பல்வலிகூட மற்றவற்றைப் போன்ற ஒரு நிகழ்வுதான், தோலுக்குள் நடக்கிறது, அவ்வளவே என்று 1945-ல் வாதிட்டார். மன அனுபவங்களையே அவர் மறுத்தார் என்று பலர் இன்றும் எழுதுவது தவறு. உள்ளே நடப்பதையே காரணமாக்கிவிடுவதைத்தான் அவர் எதிர்த்தார். ஏன் தட்டை வீசுகிறான்? பிடிவாதக்காரன். பிடிவாதக்காரன் என்று எப்படித் தெரியும்? தட்டை வீசுகிறானே! இந்தச் சுழலில் சிக்கிய பிள்ளைக்கு யாரும் எதையும் கற்றுத்தர முடியாது. வீசுவதற்கு முன் என்ன நடந்தது, வீசியதும் அவனுக்கு என்ன கிடைத்தது என்று கேட்டால் வழி திறக்கிறது. வீசியவுடன் பாடம் நின்றுவிடுகிறது என்றால், மாற்ற வேண்டியது பாடத்தை.

அதனால்தான், பிள்ளைக்கு எது வராது என்ற பட்டியலோடு வரும் அம்மாவிடம், எது வரும் என்று கேட்கும் ஆசிரியர் பெரிய தத்துவத்தைக் கையாள்கிறார் என்றே நான் நம்புகிறேன்.

இந்த நடத்தை முறையின் வரலாற்றில் கறையும் உண்டு. 1960-களில் லாஸ் ஏஞ்சலிஸில் உளவியலாளர் ஐவார் லோவாஸ், ஆட்டிசம் உள்ள குழந்தைகளை அறைந்தார், மின்னதிர்ச்சியும் கொடுத்தார். தண்டனை தப்பிக்கவே கற்றுத்தரும் என்று ஸ்கின்னர் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. எப்படிக் கற்பிப்பது என்பதோடு இன்னொரு கேள்வியும் இருக்கிறது: எதைக் கற்பிப்பது, யாருக்காகக் கற்பிப்பது? கைகளை உதறி மகிழும் பிள்ளையை ஏன் நிறுத்த வேண்டும்? இவற்றுக்கு எந்த அளவுகோலிலும் விடை இல்லை. பிள்ளையைத்தான் கேட்க வேண்டும்.

பேச்சையும் இதே முறையில் விளக்கிவிடலாம் என்று 1957-ல் ஸ்கின்னர் ஒரு நூல் எழுதினார். 1959-ல் மொழியியலாளர் நோம் சாம்ஸ்கி அதைக் கடுமையாக மறுத்தார். அந்த மோதல் அடுத்த வாரம்.

(தொடரும்)