அகஸ்தியர் மலையும் ஒரு ஓலைக்குடையும்

எடின்பரோவில் சனிக்கிழமை வந்தால் எங்கள் ஆபீஸ் ஆட்கள் பாதிப்பேர் மலையில்தான் இருப்பார்கள். மழை பெய்தாலும் போவார்கள் (பெய்யாத சனிக்கிழமை எது என்று கேட்காதீர்கள்). முதுகில் பை, உடம்போடு ஒட்டி வியர்வையை இழுக்கும் மெல்லிய பனியன், அதன் மேல் கம்பளிச் சட்டை, அதற்கும் மேல் தண்ணீர் புகாத ஜாக்கெட். புதிதாக வருகிறவர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்றுதான்: பருத்தி மட்டும் வேண்டாம். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஊர் ஞாபகம் வரும். பருத்தி முண்டையும் தோர்த்தையும் விட்டால் வேறு துணி தெரியாத எங்கள் பக்கத்து ஆட்கள் மழையிலும் குளிரிலும் மலையேறும்போது என்ன செய்தார்கள்?

பாறசாலையில் ஏது குளிர்மலை என்று சிரிக்க வேண்டாம். எங்கள் தாலுகா தலைநகரான நெய்யாற்றின்கரைக்குப் பெயர் கொடுத்த நெய்யாறு அகஸ்தியர் கூடத்தில்தான் பிறக்கிறது. உயரம் 1868 மீட்டர். ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் 6.5 டிகிரி வெப்பம் குறையும் என்பது கணக்கு. திருவனந்தபுரத்தில் இரவு 23 டிகிரி இருந்தால் உச்சியில் 11 டிகிரிதான். கூடவே காற்று, மேகம், மழை.

11 டிகிரியெல்லாம் ஒரு குளிரா என்றால், உலர்ந்த உடம்புக்கு இல்லை, நனைந்த உடம்புக்கு ஆபத்து. அசையாத காற்றை விட தண்ணீர் சுமார் 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். பருத்தி நனைந்தால் இழைகளுக்கு நடுவே இருந்த காற்று போய் அந்த இடத்தில் தண்ணீர் உட்கார்ந்துகொள்ளும். கம்பளி நனைந்தாலும் கொஞ்சம் காற்றைப் பிடித்து வைத்துக்கொள்ளும். 1964 மார்ச்சில் இங்கிலாந்தின் டெர்பிஷைர் மலைகளில் நடந்த ஒரு நடைப்போட்டியில் மூன்று சாரண இளைஞர்கள் இறந்துபோனார்கள். 1953 எவரெஸ்ட் குழுவில் உடலியல் நிபுணராகப் போன கிரிஃபித் பியூ அதை ஆராய்ந்தார். அவர்களைக் கொன்றது உறைபனி இல்லை. மழையும் காற்றும் களைப்பும், நனைந்து காப்பை இழந்த உடுப்பும் சேர்ந்துதான்.

இனி 1855க்கு வருவோம். அந்த வருடம் அகஸ்தியர் மலையில் ஒரு ஆய்வுக்கூடம் எழுந்தது. கட்டியவர் ஜான் ஆலன் பிரௌன், ஸ்காட்லாந்துக்காரர், எடின்பரோ பல்கலைக்கழகத்தில் படித்தவர். 1852ல் திருவனந்தபுரம் வானாய்வுக்கூடத்துக்கு இயக்குநராக வந்தார். பூமியின் காந்தப்புலம் கடல்மட்டத்துக்குப் பக்கத்திலும் உயரத்திலும் ஒரே மாதிரி அசைகிறதா என்று பார்க்க அவருக்கு மலைமேல் ஒரு இடம் வேண்டியிருந்தது. யானையும் புலியும் நடமாடும் காட்டில் பாதை வெட்டி, சுமை ஏற்றி, ஆறாயிரம் அடிக்கு மேலே கட்டினார்கள். செலவு திருவிதாங்கூர் மகாராஜாவுடையது. முடிவுகள் 1874ல் புத்தகமாக வந்தன. 1878ல் ராயல் சொசைட்டி அவருக்கு ராயல் மெடல் கொடுத்தது.

பிரௌன் பிறந்த நாட்டில் மழையங்கி அப்போதே கடைச்சரக்கு. கிளாஸ்கோவின் சார்ல்ஸ் மெக்கின்டாஷ் 1823லேயே ரப்பரைத் தார் எண்ணெயில் கரைத்து இரண்டு துணிகளுக்கு நடுவே பூசி காப்புரிமை வாங்கிவிட்டார். வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் விறைக்கும் என்ற குறையும், கந்தகம் சேர்த்துப் பதப்படுத்தும் முறை 1844 வாக்கில் வந்த பிறகு தீர்ந்தது.

சுமை தூக்கியவர்களிடம் என்ன இருந்திருக்கும்? இந்த இடத்தில் கதை துணியை விட்டு ஜாதிக்குப் போய்விடுகிறது. அன்றைய திருவிதாங்கூரில் சாணார் என்று அழைக்கப்பட்ட நாடார்களும், அவர்களைப் போல் கீழே வைக்கப்பட்ட மற்றவர்களும் இடுப்புக்கு மேல் துணி போடக்கூடாது. செருப்பு கூடாது. குடை பிடிக்கக்கூடாது! ஆமாம், வருடத்தில் இரண்டு பருவமழை கொட்டும் நாட்டில் குடைக்குத் தடை. குடை என்றால் ஓலைக்குடைதான். பனையேறி ஓலை வெட்டிப் போடுகிறவரே அந்த ஓலையைத் தலைக்கு மேல் பிடித்தால் குற்றம். குடை அங்கே அந்தஸ்தின் அடையாளம், மழைக்கு ஒதுங்குவது அதற்கு அப்புறம்தான்.

மேலாடைக்கான போராட்டம் தென் திருவிதாங்கூரில் 1820களிலிருந்தே நடந்துவந்தது. கிறிஸ்தவப் பெண்கள் குப்பாயம் போடலாம் என்று அதற்கு முன்பே கர்னல் மன்றோ உத்தரவிட்டிருந்தார். ஆனாலும் போட்டவர்களைத் தெருவில் அடித்துக் கிழித்தார்கள். 1858ல் மறுபடியும் கலவரம். சென்னை கவர்னர் டிரெவிலியன் நெருக்கிய பிறகு, 1859 ஜூலை 26ல் உத்திரம் திருநாள் மகாராஜா அறிக்கை விட்டார்: நாடார் பெண்கள் குப்பாயம் போடலாம், அல்லது மீனவப் பெண்கள் மாதிரி முரட்டுத்துணி சுற்றலாம், மேல்ஜாதிப் பெண்கள் மாதிரி மட்டும் உடுத்தக்கூடாது. இதே ராஜாதான் மலைமேல் ஆய்வுக்கூடத்துக்குப் பணம் கொடுத்தவர். 1855ல் அடிமை முறையை ஒழித்தவரும் இவரே. இதையெல்லாம் ஒரே மனிதர் செய்தார் என்பதை எப்படி எடுத்துக்கொள்வதென்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

மலையில் வாழ்ந்த காணிக்காரர்களுக்கு வேறு வழி இருந்தது. ஈற்றை என்கிற மெல்லிய மூங்கிலின் இலையால் கூரை வேய்ந்த குடில், யானைக்கு எட்டாத ஏறுமாடம், உள்ளே அணையாத நெருப்பு. மழையோடு மல்லுக்கட்டாமல் ஒதுங்கி உலர்வது அவர்கள் முறை. கீழே வயலில் குனிந்து நாற்று நடுகிறவர்களுக்கு இரண்டு கையும் வேலையில் இருக்குமே, அவர்களுக்குத் தலையில் கவிழ்க்கும் தொப்பிக்குடை. அதுவும் இல்லாதவர்களுக்கு சாக்கின் ஒரு மூலையை இன்னொரு மூலைக்குள் மடித்துத் தலையில் போடும் கொங்காணி. நனைந்த சாக்கின் கனம் போட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

கம்பளி நம் சனங்களுக்குப் பெரிய அளவில் கிடைத்தது தோட்டங்களில்தான். இலங்கைக் காப்பித் தோட்டத்துக்குப் போன தமிழர்களுக்குத் துரைமார் கறுப்புக் கம்பளி கொடுத்தார்கள், விலையை அவரவர் பெயரில் பற்று எழுதிக்கொண்டார்கள். மலைக்கு வந்து ஒரு வேலை செய்வதற்குள் கடன். ஆனால் அந்தக் கம்பளி இல்லாமல் தென்மேற்குப் பருவமழையில் மலைச்சரிவில் நிற்கவும் முடியாது.

மெக்கின்டாஷின் ரப்பர் பிற்பாடு எங்கள் ஊருக்கே வந்து சேர்ந்தது. நெய்யாற்றின்கரைக் கிழக்கிலிருந்து, 1956ல் தமிழ்நாட்டோடு சேர்ந்த விளவங்கோடு, குலசேகரம் வரைக்கும் இன்று ரப்பர் மரம்தான். மழைக்காலத்திலும் பால் வெட்ட வேண்டுமே, அதனால் வெட்டுப்பட்டைக்கு மேலே ஒவ்வொரு மரத்துக்கும் பிளாஸ்டிக் தாளைப் பாவாடை மாதிரி கட்டி, தண்ணீர் புகாமல் தாரில் ஒட்டுகிறார்கள். வெட்டுகிறவர் அநேகமாகத் தலையில் ஒரு தோர்த்தோடுதான் வருவார்.

தொப்பிக்குடை பின்னத் தெரிந்த பெரியவர்கள் உங்கள் வீட்டில் யாராவது இருந்தால், எந்த ஓலை, எத்தனை நாள் தாங்கும் என்று கேட்டு எழுதுங்கள்.