சுண்ணாம்புக் குழியும் சிப்காட்டும்

எங்கப்பா தோல் ஷாப்பில் சுண்ணாம்புக் குழி வேலைக்காரர். விரல் இடுக்கெல்லாம் வெந்து கிடக்கும். ராத்திரியில் தேங்காய் எண்ணெய் தடவிக்கிட்டே, “தோலைத் தொட்டா தீட்டு, தோல் வித்த காசைத் தொட்டா தீட்டு இல்ல” என்பார். வட ஆற்காட்டின் தொழில் வளர்ச்சி பற்றி நான் படித்த எந்த அறிக்கையிலும் இந்த வரி இல்லை.

வளர்ச்சியைக் கொண்டுவந்த அமைப்புகள் என்று சொல்லப்படுபவற்றைப் பாருங்கள். 1948-ல் சென்னையில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம். 1971-ல் சிப்காட், ராணிப்பேட்டையில் அதன் வளாகம். 1983-ல் டால்கோ எனப்பட்ட தமிழ்நாடு தோல் வளர்ச்சிக் கழகம். இடையில் 1973-ல், சீதாராமையா குழு சொன்னபடி, பாதி பதனிட்ட தோலின் ஏற்றுமதிக்கு மத்திய அரசு வரம்பு கட்டியது. முழுசாகப் பதனிட்டு, செருப்பாகத் தைத்து அனுப்பு என்றது. யோசனை தப்பில்லை. ஆம்பூரில் ஷூ கம்பெனிகள் பெருகின, நம் பெண்கள் வேலைக்குப் போனார்கள். ஆனால் பட்டையும் கடுக்காயும் இருந்த இடத்தில் குரோமியம் வந்தது. எந்திரம் வாங்க முதல் உள்ளவன் ஏறினான். குழியில் நின்றவன் குழியிலேயே நின்றான். பூட்ஸும் கையுறையும் சட்டத்தில் இருந்தன, எங்கப்பா காலில் இருந்ததில்லை.

பாலாறு கெட்ட கதை தெரிந்ததுதான். வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்சநீதிமன்றம், கெடுத்தவனே ஈடு கொடுக்கணும் என்றது. சட்டம் படிக்கிறவர்களுக்கு இன்றைக்கும் அது பாடம். அதன்பின் அமைந்த சூழல் இழப்பு ஆணையம் 2001-ல் போட்ட கணக்கு: 547 ஆலைகள், 29,193 பேர், 26.82 கோடி ரூபாய். தலைக்குப் பத்தாயிரம்கூடத் தேறவில்லை. அதிலும் பாக்கி. 2025 ஜனவரியில் உச்சநீதிமன்றம் மறுபடியும் ஈட்டுத்தொகையைக் கொடுக்கச் சொல்லித் தீர்ப்பெழுத வேண்டியிருந்தது. பட்டா உள்ளவர் கெட்ட வயலைக் காட்டலாம், கிணற்றைக் காட்டலாம். பட்டா இல்லாத காலனிக்காரன் எதைக் காட்டுவான்? காலையா?

2015 ஜனவரி 31, விடியுமுன். ராணிப்பேட்டை சிப்காட்டில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்தது. பக்கத்து ஆலையில் படுத்திருந்த 10 தொழிலாளிகள் அந்தச் சேற்றில் மூழ்கிச் செத்தார்கள். ஆற்றைக் காப்பாற்றக் கட்டிய தொட்டி அது. செத்தவர்களில் பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து வந்த கூலிகள். எங்கப்பா இறங்கிய குழிக்கு இப்போது அவ்வளவு தூரத்திலிருந்து ஆள் வருகிறது. செய்தி வந்த அன்று நாங்கள் சிலர் டீக்கடையில் கூடி ரொம்ப நேரம் பேசினோம். அவர்கள் எந்தச் சேரியை விட்டு வந்தவர்கள் என்று ஒரு தோழரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.