விவிலியக் கதைக் கல்வி (காரைக்கால் – தரங்கம்பாடிக் கடற்கரை)

கிறிஸ்தவக் குழந்தைகளுக்கு விவிலியக் கதைகளைப் பாடமாகவும் பாட்டாகவும் கைவேலையாகவும் சொல்லித்தரும் வழக்கம். சீர்திருத்தச் சபையார் இதை ஓய்வுநாள் பள்ளி அல்லது ஞாயிறு பள்ளி என்பர். கத்தோலிக்கருக்கு இது மறைக்கல்வி. அவர்களில் மூத்த தலைமுறையினர் வாயில் இன்னும் ‘ஞானோபதேசம்’தான். காரைக்கால் பகுதியின் வடகோடியிலுள்ள கடற்கரை ஊரான மண்டபத்தூர் இந்த வரலாற்றின் இரு கிளைகளுக்கும் நடுவே இருக்கிறது. வடக்கே நண்டலாற்றைத் தாண்டினால் ஒருகாலத்தில் டேனியர் வசமிருந்த தரங்கம்பாடி. தெற்கே, 1739 முதல் பிரெஞ்சுக்காரர் கையிலிருந்த காரைக்கால்.

தமிழ்க் கடற்கரைக்கு முதலில் வந்தது கதையல்ல, மன்றாட்டு. 1542-ல் முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார் தெருவில் மணியடித்துப் பிள்ளைகளைக் கூட்டி, மன்றாட்டுகளைத் திரும்பத் திரும்பச் சொல்லவைத்தார். மனப்பாடம் செய்த பிள்ளைகளை வீட்டாருக்குச் சொல்லித்தரவும், நோயாளிகளின் அருகே நின்று ஓதவும் அனுப்பினார். கற்றவரே கற்பிப்பவர் என்ற ஏற்பாடு அங்கேயே தொடங்கிவிட்டது. 1578-ல் அன்றீக் அடிகளார் கொல்லத்தில் அச்சிட்ட ‘தம்பிரான் வணக்கம்’ 16 பக்கச் சிறுநூல். அதுவும் மன்றாட்டும் கோட்பாடும் கொண்டதே.

1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியில் இறங்கிய சீர்திருத்தச் சபை மிஷனரி பர்த்தலோமேயு சீகன்பால்குவுக்கு வயது 24 ஆக ஒரு நாள் குறைவு. அவர் முதலில் ஆசிரியராகவில்லை, மாணவரானார். உள்ளூர் வாத்தியார் ஒருவர் தம் பள்ளிக்கூடத்தையே அவர் வீட்டுக்குக் கொண்டுவந்தார். பிள்ளைகளோடு தரையில் அமர்ந்து, மணலில் விரலால் எழுதித்தான் அந்த ஜெர்மானியர் தமிழ் எழுத்து பழகினார். மறு ஆண்டே மிஷன் பள்ளிகளைத் தொடங்கினார். அவற்றில் பெண் பிள்ளைகளுக்கான பள்ளியும் ஒன்று. பாட முறையோ திண்ணைப் பள்ளியினுடையது: மணல், ஓலை, எழுத்தாணி, உரத்த குரலில் ஒப்புவித்தல். பொருள் மட்டும் மாறியது. 1714-ல் நான்கு நற்செய்தி நூல்களும் அப்போஸ்தலர் நடபடிகளும் தமிழ் அச்சில் ‘அஞ்சு வேத பொத்தகம்’ என வெளிவந்தன. வினா விடையாக மட்டும் மனப்பாடம் செய்துவந்த இடத்தில் தச்சன் மகனும் மீனவர் பேதுருவும் ஆட்களாக வந்து நின்றது அந்தப் புத்தகத்துக்குப் பிறகுதான் எளிதாயிற்று.

அந்த மணலுக்கு ஒரு பின்கதை உண்டு. 1789-ல் சென்னை எழும்பூரின் படைவீரர் அனாதைப் பிள்ளைகள் இல்லத்துக்குப் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல், நாட்டுப் பள்ளியொன்றில் சிறுவர்கள் மணலில் எழுதுவதைப் பார்த்து அதைத் தம் பள்ளியில் புகுத்தினார். பெரிய பையன் சின்னப் பையனுக்குச் சொல்லித்தரும் சட்டாம்பிள்ளை முறையையும் நிறுவினார். 1797-ல் அவர் நூலாக வெளியிட்ட இந்த ‘மதராஸ் முறை’ இங்கிலாந்தின் ஏழைப் பள்ளிகளில் பரவியது. இங்கிலாந்தில் 1780-ல் குளோஸ்டர் நகரில் ராபர்ட் ரெய்க்ஸ் வளர்த்தெடுத்த ஞாயிறு பள்ளி பிறகு மிஷனரிகள் வழியே இங்கு வந்தது. இந்திய ஞாயிறு பள்ளிச் சங்கம் 1876-ல் அமைந்தது.

கைவேலை வந்தது நியூயார்க்கிலிருந்து. 1898 கோடையில் எலைசா ஹாஸ் என்ற பெண்மணி, தெருவில் திரிந்த குழந்தைகளுக்காக மதுக்கூடம் ஒன்றை வாடகைக்கு எடுத்துத் தினசரி விவிலியப் பள்ளி நடத்தினார். 1901-ல் ராபர்ட் போவில் அதை இயக்கமாக்கினார். கதை, பாட்டு, விளையாட்டு ஆகியவற்றோடு கைத்தொழிலும் அவர் திட்டத்தில் இருந்தது. நம் ஊர்களில் கோடை விடுமுறையில் நடக்கும் வி.பி.எஸ். (விடுமுறை விவிலியப் பள்ளி) அதன் வழித்தோன்றல். இன்னொரு கைவேலை, எழுத்தே இல்லாத வண்ணத்தாள் புத்தகம். 1866-ல் லண்டன் போதகர் ஸ்பர்ஜன் கறுப்பு, சிவப்பு, வெள்ளை ஆகிய மூன்று தாள்களை வைத்துப் பேசியதிலிருந்து பிறந்தது அது. பொன்னிறமும் பச்சையும் பின்னால் சேர்ந்தவை.

காரைக்காலின் கத்தோலிக்கக் கிளையை இரண்டு ரோமாபுரி ஆணைகள் மாற்றின. பத்தாம் பத்திநாதர் 1905-ல் ஞாயிறுதோறும் ஒரு மணி நேர ஞானோபதேசத்தைப் பங்குகளுக்குக் கட்டாயமாக்கினார். 1910-ல் முதல் நற்கருணைக்குரிய வயதை ஏறக்குறைய ஏழாகக் குறைத்தார். ஏழு வயதுப் பிள்ளையிடம் கோட்பாட்டு வினா விடை எவ்வளவு தூரம் போகும்? அந்தக் கேள்வியை நேராக எதிர்கொண்டவர், காரைக்காலை உள்ளடக்கிய புதுச்சேரி உயர்மறைமாவட்டத்திலிருந்தே வந்தார். பாரிஸில் மறைக்கல்வி பயின்ற டி. எஸ். அமலோற்பவதாஸ் அடிகளார், 1967-ல் பெங்களூரில் தொடங்கிய தேசிய விவிலிய, மறைக்கல்வி, திருவழிபாட்டு மையத்தை வழிநடத்தி, மறைக்கல்வியை விவிலியத்தையும் இந்தியப் பண்பாட்டையும் நோக்கித் திருப்பினார். அவர் 1990-ல் காலமானார்.

ஆனால், அச்சடித்த கைவேலைத் தாள்கள் வருவதற்கு முன்பே இந்த வட்டாரப் பிள்ளைகளின் கைக்குக் கதை வந்திருந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். குருத்தோலை ஞாயிறன்று ஓலையைக் கீறி மடித்துச் சிலுவை செய்வதற்குப் பாடநூல் கிடையாது. அக்கா செய்வதைப் பார்த்துத் தம்பி செய்வான். 1223-ல் கிரெச்சோவில் அசிசி பிரான்சிஸ் அமைத்த கிறிஸ்துமஸ் குடில் இங்கே வைக்கோல் கூரையும் களிமண் மேடும் ஆனது. முளைவிட்ட கேழ்வரகு புல்வெளியானது. மூங்கில் சிம்பும் வண்ணத்தாளும் சேர்ந்தால் நட்சத்திரம். தீப்பெட்டித் தொட்டிலும் பஞ்சு ஆட்டுக்குட்டியும் பிற்காலச் சேர்க்கைகள்.

தமிழ் மொழிபெயர்ப்பும் கைவேலையில் தலையிடும். ரொட்டியைத் தமிழ் வேதாகமம் ‘அப்பம்’ என்கிறது. இயேசு அப்பங்களைப் பெருக்கிய கதைக்கு ஐந்து அப்பம் வரையச் சொன்னால் நடு உப்பி, ஓரம் மெலிந்த வட்டங்கள் தாளில் வருவதில் வியப்பில்லை. அவை வாற்கோதுமை அப்பங்கள் என்று நற்செய்தியாளர் யோவான் கவனமாகக் குறித்திருக்கிறார். கூட இருந்த இரண்டும் என்ன மீன் என்பதை, கடற்கரைப் பிள்ளை முதலில் கேட்கக்கூடிய அந்த ஒன்றை, அவர் எழுதாமல் விட்டுவிட்டார்.