உறையூர் வட்டாரத்தில் பெருச்சாளித் தொல்லை: ஒரு வரலாறு

பெருச்சாளி என்பது இந்தியத் துணைக்கண்டத்திலும் தென்கிழக்கு ஆசியாவிலும் வாழும் பெரிய எலி வகை ஆகும். வயல், தோட்டம், வைக்கோற்போர், சாக்கடை ஓரம், பழைய வீட்டின் கொல்லைப்புறம் ஆகிய இடங்களில் மண்ணுக்குள் வளை தோண்டி வாழும். காவிரிக்கரையில் அமைந்த உறையூரும், அதைத் தன்னுள் கொண்ட திருச்சிராப்பள்ளி மாநகரமும், காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே தீவாக உள்ள திருவரங்கமும் நெல் விளையும் நிலத்தை ஒட்டியவை. நெல் இருக்கும் இடத்தில் பெருச்சாளியும் இருக்கும். ஆகவே இவ்வட்டார மக்களுக்கும் இவ்விலங்குக்கும் உள்ள பகை மிகப் பழமையானது.

விலங்கின் இயல்பு

பெருச்சாளியில் இரண்டு வகைகள் இங்கே முதன்மையானவை. ஒன்று பாண்டிகோட்டா இண்டிகா எனப்படும் பெரும் பெருச்சாளி. இது அரைக் கிலோ முதல் ஒரு கிலோ வரை எடை இருக்கும். வாலை நீக்கிய உடல் மட்டும் ஓர் அடி நீளத்தை எட்டுவது உண்டு. மற்றொன்று பாண்டிகோட்டா பெங்காலென்சிஸ் எனப்படும் சிறு பெருச்சாளி. உருவில் சிறியதானாலும் வயலுக்கும் வீட்டுக்கும் அதிகக் கேடு செய்வது இதுவே.

இரண்டும் இரவில் நடமாடுபவை. அச்சுறுத்தினால் முதுகு மயிரைச் சிலிர்த்துக்கொண்டு பன்றியைப் போல உறுமும். வளர்ந்த பெருச்சாளியைக் கண்டால் வீட்டுப் பூனையே பின்வாங்கும். வளையின் வாயில் புதிதாகத் தோண்டிய மண் குவிந்திருப்பது இதன் அடையாளம். சிறு பெருச்சாளி தன் வளைக்குள் தனி அறை அமைத்து நெற்கதிர்களைச் சேமித்து வைக்கும். அறுவடை முடிந்த வயலில் இவ்வளைகளைத் தோண்டி, அதிலிருந்த நெல்லை எடுத்து உலை வைத்த ஏழைக் குடும்பங்கள் காவிரிப் படுகையில் பல உண்டு.

இதன் கருக்காலம் ஏறத்தாழ மூன்று வாரங்களே. ஓர் ஈற்றில் ஆறு, எட்டு எனக் குட்டிகள் பிறக்கும். உணவு கிடைத்தால் ஆண்டு முழுவதும் ஈனும். பத்தைக் கொன்றாலும் உணவும் இடமும் மாறாதிருந்தால் சில மாதங்களில் பழைய எண்ணிக்கை வந்துவிடும். இவ்வுண்மையை மறந்ததால்தான் இவ்வரலாற்றில் பல முயற்சிகள் வீணாயின.

பெயரும் அதன் பயணமும்

தெலுங்கில் இதற்குப் 'பந்திகொக்கு' என்று பெயர். பந்தி என்றால் பன்றி. கொக்கு என்றால் எலி. அதன் உறுமலே இப்பெயருக்குக் காரணம். தென்னிந்தியாவில் தங்கிய ஆங்கிலேயர் இச்சொல்லைப் 'பேண்டிகூட்' என்று திரித்து வழங்கினர். பின்னர் ஆஸ்திரேலியாவுக்குச் சென்ற ஆங்கிலேயர், அங்கே மண்ணைக் கிளறி இரை தேடிய, கூர்மையான மூக்குடைய வேறொரு விலங்கைக் கண்டு அதற்கும் அதே பெயரைச் சூட்டினர். ஆஸ்திரேலியப் பேண்டிகூட் எலி அன்று. கங்காருவைப் போலக் குட்டியைப் பையில் சுமக்கும் பைம்மா இனத்தைச் சேர்ந்தது. அவற்றுள் சில வகைகள் இன்று முற்றிலும் அழிந்துவிட்டன. எஞ்சிய சிலவற்றைக் காக்க அந்நாட்டினர் பாடுபடுகின்றனர்.

அதே பைம்மா இனத்தைச் சேர்ந்த 'போசம்' என்னும் விலங்கின் கதையும் இங்கே எண்ணத்தக்கது. ஆஸ்திரேலிய நகரங்களில் வீட்டுக்கூரைக்குள் குடியேறித் தொல்லை தந்தாலும் அது அங்கே சட்டத்தால் காக்கப்படும் விலங்கு. நியூசிலாந்துக்கோ 1837 முதல் மென்மயிர் வணிகத்துக்காக மனிதர்களே அதைக் கொண்டுசென்றனர். அங்கே அது பெருகிக் காடுகளையும் பறவைகளையும் அழித்தது. மாடுகளுக்குக் காசநோயைப் பரப்பியது. இன்று அதை முற்றிலும் ஒழிப்பது அந்நாட்டு அரசின் குறிக்கோள்களுள் ஒன்று. ஒரு விலங்கு தொல்லையா செல்வமா என்பது அது வாழும் இடத்தைப் பொறுத்தது என்பதற்கு இது நல்ல சான்று.

தமிழில் 'பெருச்சாளி' என்ற சொல் வசையாகவும் வழங்குகிறது. பொதுப்பணத்தைச் சுரண்டுவோரை 'ஊழல் பெருச்சாளி' என்பர். மறுபுறம், மூஷிகம் பிள்ளையாரின் ஊர்தி. மலைக்கோட்டை உச்சியில் அவர் வீற்றிருக்கும் இந்நகரில், வீட்டில் விரட்டப்படும் விலங்கு கோயிலில் வணங்கப்படுகிறது. 2018இல் கேரள இளைஞர்களின் நிறுவனம் ஒன்று, மனிதர்கள் சாக்கடைக் குழிக்குள் இறங்குவதைத் தவிர்க்க உருவாக்கிய எந்திரத்துக்கும் 'பேண்டிகூட்' என்றே பெயரிட்டது.

நெல்லும் நூலும்

முற்காலச் சோழரின் தலைநகராக விளங்கிய உறையூர், நெசவுக்கும் பெயர் பெற்றது. கிரேக்க மாலுமி ஒருவர் எழுதிய 'எரித்திரையக் கடற்பயண நூல்' குறிப்பிடும் 'அர்காரு' என்னும் ஊரின் மெல்லிய பருத்தித் துணி உறையூரில் நெய்ததே என்று ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். 1960களில் சென்னைப் பல்கலைக்கழகம் நடத்திய அகழாய்வில் இங்குச் சாயத்தொட்டியும் வெளிப்பட்டது.

நெசவுத் தொழிலுக்கு எலியும் பெருச்சாளியும் இரட்டைப் பகை. பாவுக்குக் கஞ்சி போடுவதால் நூலில் சோற்று மணம் இருக்கும். அதைத் தேடி வந்து நூலைக் கடிக்கும். குழித்தறி அமைந்த மண் தரை வளை தோண்டுவதற்கும் எளிது. ஓர் இரவில் பாவு அறுந்தால் நெசவாளிக்குப் பல நாள் கூலி போயிற்று.

நெல்லைக் காக்க முன்னோர் நஞ்சைவிடக் கட்டட அமைப்பையே நம்பினர். சுட்ட மண் உறைகளை அடுக்கிச் செய்த குதிர், தடித்த பலகையால் செய்த பத்தாயம் ஆகியவை தரையில் படாமல் கால்களின் மேல் நின்றன. அடியில் இருந்த இடைவெளியில் பூனை புகுந்து வரும். திருவரங்கம் கோயிலில் செங்கல்லால் வட்டமாகக் கட்டப்பட்ட நெற்களஞ்சியங்களை இன்றும் காணலாம். தடித்த சுவரும் சுண்ணாம்புப் பூச்சும் எலியின் பல்லுக்கு இடம் கொடாதவை. உணவை எட்டாதபடி வைப்பதே முதல் தடுப்பு என்னும் இவ்வறிவை இன்றைய அறிவியலும் ஏற்கிறது.

கொள்ளைநோய்க் காலம்

1896இல் பம்பாயில் பிளேக் நோய் தோன்றியபின் எலி பற்றிய பார்வை மாறியது. 1897இல் கொள்ளைநோய்ச் சட்டம் வந்தது. சென்னை மாகாணத்தில், நோய் கண்ட பகுதியிலிருந்து வரும் ரயில் பயணிகளுக்குப் 'பிளேக் பாஸ்போர்ட்' என்னும் சீட்டு வழங்கப்பட்டது. அவர்கள் சென்று சேர்ந்த ஊரில் சில நாள்கள் அதிகாரிகளிடம் தங்களைக் காட்ட வேண்டும். தென்னிந்திய ரயில்வேயின் முக்கிய சந்திப்பான திருச்சிராப்பள்ளிக்கு இவ்விதி பெரிதும் பொருந்தியது.

எலியின் உடலில் வாழும் தெள்ளுப்பூச்சியே நோயைப் பரப்புகிறது என்பதை பால் லூயி சிமோன் என்னும் பிரெஞ்சு மருத்துவர் 1898இல் கராச்சியில் கண்டறிந்தார். பலர் அதை உடனே நம்பவில்லை. 1905க்குப் பின் இந்தியாவில் நடந்த ஆய்வுகளே அதை உறுதி செய்தன. கோயம்புத்தூர்ப் பகுதியில் இந்நோய் பலரைக் கொன்றது. அங்குள்ள பிளேக் மாரியம்மன் கோயில்கள் அக்காலத்தின் நினைவாக நிற்கின்றன. அதுவரை தானியத் திருடனாக மட்டும் கருதப்பட்ட எலியை ஒழிப்பது அன்றுமுதல் பொதுச் சுகாதாரப் பணியாயிற்று. இன்று பிளேக் அச்சம் பெரிதும் நீங்கினாலும், எலி, பெருச்சாளி ஆகியவற்றின் சிறுநீர் கலந்த நீரால் பரவும் எலிக்காய்ச்சல் மழைக்காலங்களில் தொடர்கிறது. காலில் புண்ணோடு தேங்கிய நீரில் நடப்பவர்களுக்கு ஆபத்து மிகுதி.

கிட்டியும் புகையும்

காவிரிப் படுகையின் சிறப்பான கருவி 'தஞ்சாவூர்க் கிட்டி'. மூங்கிலை வில்லாக வளைத்துச் செய்யப்படும் இப்பொறியை வரப்பில் நட்டு, இரை வைப்பர். எலி இரையைத் தொட்டதும் வில் விடுபட்டு அதன் கழுத்தை இறுக்கும். நஞ்சு இல்லை, செலவும் குறைவு. ஆனால் வைத்து எடுக்க ஆள் வேண்டும், அனுபவமும் வேண்டும்.

எலி பிடிப்பதில் தேர்ந்தவர்கள் இருளர் சமூகத்தார். வளையின் வாயில் ஓட்டையிட்ட மண்பானையை வைத்து, வைக்கோலைக் கொளுத்தி, வாயால் ஊதிப் புகையை உள்ளே செலுத்துவது அவர்களின் முறை. பிறர் பயிரைக் காக்கும் இப்பணியில் அவர்களின் கையும் வாயும் வெந்தன, நுரையீரல் கெட்டது. வாயால் ஊதுவதற்குப் பதில் கையால் சுழற்றிக் காற்றைச் செலுத்தும் இரும்புக் கருவி ஒன்றை, தமிழ்நாட்டுத் தொண்டு நிறுவனம் ஒன்று உலக வங்கியின் 2003ஆம் ஆண்டுப் பரிசுத் திட்ட உதவியுடன் இருளர் குடும்பங்களுக்கு வழங்கியது. நஞ்சில்லாத எலி ஒழிப்பு இத்தகைய உழைப்பாளிகளின் தோளில்தான் நின்றது.

நஞ்சின் வரலாறு

'எலிப்பாஷாணம்' என்ற சொல் தமிழில் பழையது. ஆர்செனிக் கலந்த பாஷாணமே முதலில் அப்பெயரால் வழங்கியது. பின்னர்த் துத்தநாகப் பாஸ்பைடு என்னும் கரும்பொடி வந்தது. சிறிதளவு தின்று நோயுற்றுப் பிழைத்த பெருச்சாளி மறுமுறை அந்த இரையைத் தொடாது. எனவே முதல் சில நாள்கள் நஞ்சில்லாத இரையை வைத்துப் பழக்க வேண்டியிருந்தது. 1940களின் இறுதியில் அமெரிக்காவில் வார்பரின் எலி மருந்தாக வந்தது. அதன் வழியில் வந்த புரோமடியோலோன் போன்றவை இரத்தம் உறைவதைத் தடுத்துச் சில நாள்களில் கொல்பவை. செத்த எலியைத் தின்னும் கூகை, பூனை, நாய் ஆகியவையும் இவற்றால் மடிகின்றன. கூகையும் சாரைப்பாம்பும் கீரியும் குறைந்தால் பெருச்சாளி பெருகும். அதாவது நஞ்சே தொல்லையை வளர்க்கிறது.

எல்லாவற்றிலும் கொடியது மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிப்பசை. பற்பசையைப் போன்ற குழாயில், பெட்டிக்கடைகளிலும் எளிதாக விற்கப்பட்டது. இதை உட்கொண்டவருக்கு முதல் நாள் வயிற்றெரிச்சலும் வாந்தியும் இருக்கும். பிறகு ஓரிரு நாள் நலமானது போலத் தோன்றும். அதன்பின் கல்லீரல் செயலிழக்கும். இதற்கு மாற்று மருந்து இல்லை. எலியைக் கொன்றதைவிட மனிதரைக் கொன்றதே மிகுதி என்று மருத்துவர்கள் வருந்தும் நிலை வந்தது. 2022இல் தமிழ்நாடு அரசு இதன் விற்பனைக்குத் தடையை அறிவித்தது. 2024 நவம்பரில் சென்னையை அடுத்த குன்றத்தூர்ப் பகுதியில், வீட்டுக்குள் வைத்த வேறொரு எலி மருந்தின் நெடியால் இரு குழந்தைகள் இறந்தனர். ஒரு நஞ்சைத் தடை செய்வதோடு பணி முடிவதில்லை என்பதை இந்நிகழ்வு காட்டியது.

மரநாயா, பெருச்சாளியா?

இரவில் கூரைமேல் ஓசை கேட்டால் பலர் பெருச்சாளி என்று எண்ணி நஞ்சு வைக்கின்றனர். பெருச்சாளி நிலத்தில் வாழ்வது, கூரையில் குடியிருப்பதில்லை. திருவரங்கத்தின் தென்னந்தோப்பை ஒட்டிய ஓட்டு வீடுகளின் கூரையில் ஓடுவது சிற்றெலியாகவோ, மரநாயாகவோ இருக்கலாம். மரநாய் பூனையளவுள்ள, நீண்ட வாலுடைய விலங்கு. மாம்பழம், சப்போட்டா, கள் ஆகியவற்றை விரும்பும், எலிகளையும் தின்னும். அதன் எச்சத்தில் பழவிதைகள் முழுமையாகக் கிடக்கும். 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி இதைப் பிடிப்பதும் கொல்வதும் குற்றம். பகலில் அது உறங்கும். இரவில் வெளியேறியபின் புகும் வழியை அடைப்பதே முறை. உள்ளே குட்டி இருந்தால் அது வளர்ந்து வெளியேறும் வரை பொறுத்தல் வேண்டும். தேவையானால் வனத்துறையை அணுகலாம்.

அதே 1972ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஐந்தாம் அட்டவணை எலி, சுண்டெலி, காகம், பழந்தின்னி வௌவால் ஆகியவற்றைத் தீங்குயிர் என வகுத்திருந்தது. 2022ஆம் ஆண்டுத் திருத்தம் அந்த அட்டவணையையே நீக்கியது.

வீட்டில் செய்யத்தக்கவை

1. சமையற்கழிவை இரவில் திறந்து வைக்கலாகாது. கோழித்தீவனம், நாய்க்கு வைத்த சோறு ஆகியவற்றையும் பொழுது சாயுமுன் எடுத்துவிட வேண்டும்.
2. சாக்கடைக் குழாயின் வாய்க்கு இரும்பு வலை போட வேண்டும். உடைந்த மூடியை மாற்ற வேண்டும். பெருச்சாளி வீட்டுக்குள் வரும் முதன்மை வழி இதுவே.
3. வளையை மண்ணால் மட்டும் மூடினால் மறுநாள் திறந்துவிடும். உடைந்த செங்கல், சல்லி, சிமெண்ட் கலவை இட்டு மூட வேண்டும்.
4. கொல்லையில் விறகு, ஓடு, தேங்காய் மட்டை ஆகியவற்றைத் தரையோடு குவிக்காமல் மேடை அமைத்து அடுக்க வேண்டும்.
5. பொறி வைப்பதானால் சுவரோரமாக வைக்க வேண்டும். பெருச்சாளி சுவரை ஒட்டியே நடக்கும்.
6. உறங்கும் அறையிலும் சமையலறையிலும் எலி நஞ்சை வைக்கவே கூடாது. யாரேனும் தவறி உட்கொண்டால், அறிகுறிக்குக் காத்திராமல் 108ஐ அழைத்து, மருந்தின் உறையோடு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

இன்றைய நிலை

1866இல் நகராட்சியாகி, 1994இல் திருவரங்கம், பொன்மலை நகராட்சிகளை இணைத்து மாநகராட்சியான திருச்சிராப்பள்ளியில் குதிரும் பத்தாயமும் மறைந்துவிட்டன. பெருச்சாளி மறையவில்லை. நெற்களஞ்சியத்தின் இடத்தைக் குப்பைத்தொட்டியும் உணவகக் கழிவும் திறந்த வடிகாலும் பிடித்துக்கொண்டன. உய்யக்கொண்டான் வாய்க்காலின் கரையில் கொட்டப்படும் கழிவு அதற்கு நாள்தோறும் விருந்தாகிறது. ஒரு வீட்டார் மட்டும் வளையை அடைத்தால் அது அடுத்த வீட்டுக்குச் செல்லும். ஒரு தெருவார் கூடிக் கழிவை ஒழுங்கு செய்தால் தெருவை விட்டே விலகும். அன்று நெல்லை எட்டாதபடி வைத்த முன்னோரின் வழியே இன்று குப்பைக்கும் பொருந்துகிறது.