கரணை இட்ட கைகள்: மிருதங்க நாதத்தின் வரலாறு குறித்து

1920ஆம் ஆண்டு 'நேச்சர்' ஆய்விதழில் சி. வி. இராமன், உடனாய்வாளர் ஒருவருடன் சேர்ந்து ஒரு சிறு குறிப்பை வெளியிட்டார். ஒத்திசையும் மேற்சுரங்களைத் தரும் தோற்கருவிகளைப் பற்றியது அது. வட்டச் சட்டத்தில் இழுத்துக் கட்டிய சீரான தோலைத் தட்டினால் எழும் அதிர்வுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. அடிப்படை அதிர்வெண்ணை 1 எனக் கொண்டால் அடுத்தவை 1.59, 2.14, 2.30, 2.65, 2.92 எனச் செல்லும். முழு எண் விகிதம் எங்கும் அமையாததால் அத்தகைய கருவியில் தாளம் தெளிவாகக் கேட்கும், சுருதி கேட்காது. மிருதங்கத்தின் வலந்தலை இவ்விதிக்கு விலக்காக இருப்பதை இராமன் கண்டார். 1934இல் இந்திய அறிவியல் அகாதெமியின் இதழில் இதையே விரிவாக எழுதினார். தோலின் மேல் நுண்மணல் தூவி, அது ஒதுங்கி நிற்கும் கோலங்களைப் பதிவுசெய்து, ஒன்பது அதிர்வு முறைகள் ஐந்து ஒத்திசைச் சுரங்களாகத் திரள்வதைக் காட்டினார். நரம்புக் கருவிக்குரிய குணம் தோலுக்கு வாய்த்திருந்தது.

இந்த அருமைக்கு உரியவர் யார் என்ற வினாவுக்கு இராமனின் விடை, 1922இல் அசுதோஷ் முகர்ஜி வெள்ளிவிழா மலருக்கு அவர் எழுதிய கட்டுரையின் தலைப்பிலேயே தெரிகிறது: பண்டைய இந்துக்களின் ஒலியியல் அறிவு. அறிவியல் வரலாற்றை எழுதியோர் பலரும் அவ்விடையை ஏற்றுக்கொண்டு கடந்துவிட்டனர். ஆனால் கருவியின் இயல்பே அவ்விடையோடு முரண்படுகிறது. ஒத்திசையைத் தருவது வலந்தலையின் நடுவில் உள்ள கருநிறப் பூச்சாகிய கரணை. அது கல்வெட்டன்று. விரல் பட்டுப் பட்டுத் தேயும், வெடிக்கும், பெயரும். தொடர்ந்து கச்சேரி செய்யும் வித்துவானின் மிருதங்கத்தில் அதை அடிக்கடி புதிதாக இட வேண்டும். ஆகவே, இராமன் தட்டிக் கேட்ட அந்த ஐந்து சுரங்களையும் பழங்காலத்து முனிவர் யாரும் வைத்துச் செல்லவில்லை. சோதனைக்குச் சற்று முன்னர், உயிரோடிருந்த ஒரு தொழிலாளி வைத்தவை அவை.

அந்த வேலை நடக்கும் முறையை அறிந்தால் இக்கூற்றின் எடை புரியும். உடலுக்குப் பலா மரம். தமிழ்நாட்டில் பண்ருட்டிப் பலாவுக்குத் தனி மதிப்பு உண்டு. ஈரம் வற்றிய கட்டையைக் குடைந்து, நடுவில் சற்றுப் பருத்து இருபுறமும் ஒடுங்கும் கூடாக்குவர். இன்று கடைசல் பொறி அந்த உழைப்பைக் குறைத்துவிட்டது. கட்டையோடு மரவேலை முடிகிறது. மிருதங்கம் அதன் பிறகுதான் தொடங்குகிறது என்று சொன்னால் மிகையாகாது. மாடு, ஆடு, எருமை ஆகிய மூன்றின் தோலும் தேவை. எந்த விலங்கின் எப்பகுதித் தோல், எவ்வளவு தடிமன் என்பதை விரலால் வருடியே முடிவு செய்ய வேண்டும். வலந்தலையில் வளையத் தட்டுகளுக்கு இடையே நடுத்தோல் அமையும். இவற்றை விளிம்பில் முறுக்கிப் பின்னிய வாரோடு சேர்த்து 'மூட்டு' செய்வர். 16 கண்கள் வழியே எருமைத் தோல் வாரைக் கோத்து இரு தலைகளையும் இழுத்துக் கட்டுவர். வார் ஓரிடத்தில் தளர்ந்தாலும் அந்தக் கண்ணில் சுருதி இறங்கிவிடும்.

பிறகு கரணை. கிட்டக்கல் எனப்படும் கருங்கல்லை இடித்துச் சலித்த பொடியைக் குழைந்த சோற்றோடு பிசைந்து வைத்துக்கொள்வர். அதில் சிறு கிள்ளலை எடுத்துத் தோலின் நடுவில் தடவி, வழவழப்பான கல்லால் ஈரம் போகும்வரை தேய்ப்பர். அது காய்ந்ததும் அடுத்த கிள்ளல், மீண்டும் தேய்ப்பு. மேலே செல்லச் செல்ல வட்டம் சுருங்கும், நடுப்பகுதி தடிக்கும். பல படலங்கள் ஏறும்வரை இது தொடரும். இடையிடையே தட்டிக் கேட்பதே அளவீடு. 'நாம்' எப்படி நிற்கிறது, 'சாப்பு' எப்படி விழுகிறது என்று கேட்டு அடுத்த கிள்ளலின் அளவும் இடமும் தீர்மானமாகும். ஒரு கிள்ளல் கூடினால் நாதம் மூடிக்கொள்ளும், குறைந்தால் சிதறும். இராமன் சமன்பாட்டுக்குள் கொண்டுவந்த எடைப் பகிர்வு, வீட்டுத் திண்ணையில் சோற்றுப் பசையால் எட்டப்பட்டது.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. ஐரோப்பிய இராணுவ இசையின் ஸ்நேர் டிரம்மில் அடித்தோலை ஒட்டி நரம்புகளையோ கம்பிச் சுருள்களையோ கட்டி அதிரும் ஓசையைப் பெறுவர். அரசர் இரண்டாம் சரபோஜி (ஆட்சி 1798–1832) ஐரோப்பியப் பாணி வாத்தியக் குழுவை வைத்திருந்த தஞ்சைக்கு அந்த இசை அந்நியமன்று. மிருதங்கம் அதே தேவையை வேறு வழியில் தீர்க்கிறது. வலந்தலையின் தோல்களுக்கு இடையே கல்துணுக்குகளைச் செருகினால் அது 'கப்பி' மிருதங்கம். மெல்லிய குச்சிகளைச் செருகினால் 'குச்சி' மிருதங்கம். மீட்டும்போது தோல்கள் மயிரிழை அளவு விலகி அதிர்வதால் நாதத்தில் ஒரு மினுக்கம் கூடுகிறது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது தெரியவே தெரியாது. வாசிப்பவரின் 'விரல் சுகம்' என்று இரசிகர்கள் பாராட்டுவதில் ஒரு பங்கு இந்தக் கண்ணுக்குத் தெரியாத துணுக்குகளுடையது.

இத்தொழில் பெரும்பாலும் தலித் குடும்பங்களின் கையில் இருந்துவந்தது; தஞ்சையில் அவர்களுள் கிறித்தவர் பலர். வீடே பட்டறை. செவித்தியான் என்று ஊர் வழங்கிய செபாஸ்டியனின் குடும்பமும், பர்லாந்து என்னும் பெயரும் மிருதங்க உலகில் எல்லோரும் அறிந்தவை. ஆனால் அந்த அறிதல் வாய்மொழி அளவிலேயே நின்றது. தஞ்சாவூர் வைத்தியநாத ஐயரிடம் பயின்ற பாலக்காடு மணி ஐயர் (1912–1981) அடைந்த நாதத்தைப் பற்றி எழுதப்பட்ட பக்கங்கள் ஏராளம். அந்த நாதத்துக்கான மிருதங்கங்களைச் செய்துகொடுத்த பர்லாந்து அப்பக்கங்களில் பெரும்பாலும் ஓர் அடைமொழியாகவே வந்துபோகிறார். மணி ஐயர் பிற்காலத்தில் மதனப்பள்ளி அருகே, அன்றைய சித்தூர் மாவட்டத்து ரிஷிவேலிப் பள்ளியில் கற்பித்தார். தஞ்சையிலிருந்து நெடுந்தொலைவு, எனினும் கரணை அங்கும் தேயும். வித்துவான் எங்குச் சென்றாலும் தொழிலாளியைச் சார்ந்தே இருந்தார் என்பதற்கு இதைவிட எளிய சான்று வேண்டியதில்லை.

இருவருக்கும் இடையில் நிகழ்ந்த உரையாடலின் தன்மை கவனத்துக்குரியது. வித்துவான் தம் காதில் ஒலிப்பதைச் சொல்லால் விளக்குவார்: இன்னும் கொஞ்சம் கனம் வேண்டும், மீட்டு நீள வேண்டும். தொழிலாளி அச்சொல்லைத் தோலாகவும் வாராகவும் பசையாகவும் பெயர்க்க வேண்டும். அதற்குச் சுருதி ஞானமும் வாசிப்பின் சொற்கட்டு அறிவும் இன்றியமையாதவை. இவற்றைக் கற்க மேடையோ குருகுலமோ அவருக்குத் திறந்திருக்கவில்லை. கேட்டே கற்றார். இப்படிப்பட்டவரைப் 'பழுதுபார்ப்பவர்' என்று குறிப்பது, இராகம் பாடுபவரைத் 'தொண்டை அசைப்பவர்' என்பதற்கு நிகர்.

தோலின் தீட்டு இந்த மறைப்பில் பெரும்பங்கு வகித்தது. பசுத்தோல் இன்றி வலந்தலை இல்லை. அத்தோலைத் தேடிச் சென்று, தேர்ந்து, பதப்படுத்தும் வேலையை ஒருவர் செய்ய, பூசைக்கு அருகில் வைக்கப்படும் கருவி இன்னொருவர் மடிக்கு வரும். மாடு மிருதங்கமாகும் பாதையின் நடுப்பகுதியைக் காணாமலிருக்கும் பழக்கம் இசையுலகில் ஆழ வேரூன்றியது. இன்று செயற்கைத் தோல் மிருதங்கங்களும் கண்ணாடியிழைக் கூடுகளும் வந்துள்ளன. பயணத்துக்கு அவை வசதியே. ஆயினும் அவை விற்பனைக்கு வரும்போது கண்டுபிடிப்பாளரின் பெயரோடு வருகின்றன என்பது கருதத்தக்கது. தோல் மிருதங்கத்துக்கு அந்த வழக்கம் வாய்க்கவில்லை.

2020இல் டி. எம். கிருஷ்ணா எழுதிய ஆங்கில நூல் வெளியானபோதுதான் இத்தொழிலாளர்களின் வரலாறு விரிவாக அச்சேறியது. தமிழில் அது 'செபாஸ்டியன் குடும்பக்கலை' என வந்தது. வெளியீட்டு விழாவுக்கு முதலில் அரங்கு தர இசைந்த கலாக்ஷேத்ரா, பின்னர் அனுமதியை விலக்கிக்கொண்டது. விழா அவ்வாண்டு பிப்ரவரி 2ஆம் நாள் ஆசிய இதழியல் கல்லூரியில் நடந்தது. அந்நூலின் முதன்மைச் சான்றுகள் நேர்காணல்கள். நினைவுக்கு எட்டும் தலைமுறைகள் வரை அவை செல்லும். அதற்கு அப்பால் ஆவணம் வேண்டும். அரண்மனை மோடி ஆவணங்களில் வாத்தியங்களுக்கும் தோலுக்குமான செலவுக் குறிப்புகளைத் தேடலாம். தஞ்சை வட்டாரப் பங்குக் கோயில்களின் ஞானஸ்நான, திருமணப் பதிவேடுகளில் இக்குடும்பங்களின் பெயர்களும் ஊர்களும் இடப்பெயர்வுகளும் கிடைக்க வாய்ப்புண்டு. இசை வரலாறு பயிலும் மாணவர்கள் பொதுவாக எட்டிப்பார்க்காத அலமாரிகள் அவை.