ஒத்திகை காணாத மேடை

பங்குனி பிறந்துவிட்டால் திண்டுக்கல் மாவட்டத்தின் நத்தம், சாணார்பட்டிப் பக்கத்துக் கிராமங்களில் நாடக மேடை எழும். அம்மன் திருவிழாவுக்கு ‘வள்ளி திருமணம்’ வைப்பது அங்கே நேர்த்திக்கடனுக்கு ஒப்பானது. இரவு பத்து மணிக்கு மேல் பபூன் வந்து கூட்டத்தைக் கலகலப்பாக்குவார். முருகன் வள்ளியைக் கைப்பிடிக்கும்போது கிழக்கு வெளுத்திருக்கும். என் நாடக ரசனை அந்தப் பொட்டல்களில் உருவானது.

‘வள்ளி திருமணம்’ போன்ற ஸ்பெஷல் நாடகத்துக்கென நிலையான குழு கிடையாது. ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன், ஆர்மோனியம், மிருதங்கம், ஆல்ரவுண்டு என ஒவ்வொருவரும் அந்த ஓர் இரவுக்கெனத் தனித்தனியே பேசி அழைக்கப்படுவர். ஒத்திகை இல்லை. ஒப்பனை இடத்தில்தான் சிலருக்கு முதல் அறிமுகமே நடக்கும். ஆனாலும் கதை தடம் மாறாது. நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) எழுதிவைத்த பாட்டும் வசனமும் எல்லோருக்கும் மனப்பாடம். அந்தப் பொதுப் பாடமே அவர்களுக்கு ஆசான்.

பாடம் கட்டுக்கோப்பானது, அதற்குள் நடிகருக்கு இடமும் தாராளம். நாரதரும் வள்ளியும் மோதும் தர்க்கக் காட்சியில் அதைக் காணலாம். நாரதர் புராணத்திலிருந்து ஒரு கேள்வியை வீசுவார். வள்ளி சுருதி பிசகாமல் பதில் பாடி மறுகேள்வி தொடுப்பார். எதிரில் நிற்பவர் என்ன கேட்பார் என்பது இருவருக்கும் தெரியாது. தூக்கக் கலக்கத்தில் இருந்த கிழவர்களும் நிமிர்ந்து உட்கார்ந்து தீர்ப்புச் சொல்வார்கள்.

நடிகருக்குக் கிடைத்த அந்த இடத்தைத் தேச விடுதலைக்குத் தந்தவர் நாடக நடிகர் தியாகி விசுவநாததாஸ். தினைப்புனத்தில் வள்ளி பறவை விரட்டும் காட்சியே அவர் காலத்தில் வெள்ளையரை விரட்டும் பாட்டுக்கு இடம் கொடுத்தது. சிறை சென்றார், சாதியைக் காட்டி உடன் நடிக்க மறுத்தவர்களையும் பொறுத்துக்கொண்டார். 1940 டிசம்பர் 31 இரவு, சென்னையில் முருகன் வேடத்தில் மேடையிலேயே உயிர் நீத்தார்.

திண்டுக்கல்லுக்கு இன்னொரு நாடகப் பெருமையும் உண்டு. சின்னாளபட்டியை ஒட்டிய காந்திகிராமத்தில் 1977-இல் தேசிய நாடகப் பள்ளியின் துணையோடு நடந்த பயிற்சிப் பட்டறை, தமிழ் நவீன நாடகத்தின் தொடக்கப் புள்ளிகளுள் ஒன்று. அதற்கு முன்னின்று உழைத்தவர் பேராசிரியர் சே. இராமானுஜம். அங்கே பயின்ற மு. இராமசாமி மதுரையில் நிஜ நாடக இயக்கத்தைத் தொடங்கினார். தோற்பாவை நிழற்கூத்தை ஆராய்ந்தார். கிரேக்க அவலமான ஆன்டிகனியைத் ‘துர்க்கிர அவலம்’ என்று நம் மண்ணின் ஆட்டத்தோடும் அடவோடும் மேடையேற்றினார். புதுமை தேடிப் போனவர்கள் மரபிடம் கைகட்டிக் கற்றார்கள் என்பதில் எனக்குப் பெருமிதம்.

காந்திகிராமத்துக்கும் சாணார்பட்டிப் பொட்டலுக்கும் இடையே சில கல் தொலைவுதான். பட்டறையில் உடலும் குரலும் பெற்ற பயிற்சியை, இங்கே மனப்பாடமும் இரவுக்கு இரவு மேடையும் தருகின்றன. ஒத்திகை இல்லாததால் இதைத் தரம் தாழ்ந்த கலை என்று ஒதுக்குவோர், அந்த நடிகர் பத்துப் பதினைந்து நாடகங்களின் பாடத்தை நெஞ்சில் சுமந்து வருவதை எண்ணிப் பார்க்க வேண்டும். நாடகம் கற்பிக்கும் கல்விக்கூடங்கள் ராஜபார்ட்டையும் ஸ்திரீபார்ட்டையும் ஆசிரியர்களாக அழைத்து, உரிய ஊதியம் தந்து, தர்க்கத்தைப் பாடமாக வைக்கட்டும். சுவாமிகளுக்கு நாம் செய்யும் நன்றி அதுவே.