தறி அட்டையில் இருந்து கணினிக்குள் கணினி வரை



என் மேசைக் கணினியில் லினக்ஸ் ஓடுகிறது. அதன் நடுவே ஒரு சின்னப் பெட்டிக்குள் பழைய விண்டோஸ் எக்ஸ்பியும் ஓடுகிறது. "டீச்சர், இதென்ன மாயம்?" என்று பலர் கேட்டீர்கள். மாயம் ஒன்றும் இல்லை. மெய்நிகர் இயந்திரம் என்று பெயர். அதன் வரலாற்றைச் சொல்ல நம் ஊர்த் தறியில் இருந்துதான் தொடங்க வேண்டும். பெரிய பதிவு, பொறுமையாகப் படியுங்கள்.

பட்டுச் சேலையில் மயிலும் யாளியும் மாங்காயும் எப்படி வருகின்றன என்று நெசவாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. முன்பு 'அடை' கட்டி நெய்தார்கள். பிறகு ஜக்கார்டு பெட்டி வந்தது. பிரான்சில் லியோன் நகரத்து ஜோசப் மேரி ஜக்கார்டு 1804-இல் காப்புரிமை பெற்ற கருவி அது. அட்டையில் ஓட்டை இருந்தால் அதற்குரிய பாவு இழை எழும்பும், இல்லையென்றால் எழும்பாது. தறியும் அதேதான், நெய்பவரும் அதே ஆள்தான். அட்டைக்கட்டை மாற்றினால் வேறு புட்டா, வேறு முந்தானை. இயந்திரம் வேறு, அதற்கு இடும் கட்டளை வேறு என்ற இந்தப் பிரிவினைதான் கணினிக்கும் அடிப்படை.

இங்கிலாந்தின் சார்லஸ் பாபேஜ் 1830-களில் தன் கணக்கு எந்திரத்துக்கு ஜக்கார்டு அட்டையைப் பயன்படுத்தத் திட்டமிட்டார். அமெரிக்காவில் ஹெர்மன் ஹோலரித் 1890 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை ஓட்டை போட்ட அட்டைகளால் எண்ணி முடித்தார். அவர் தொடங்கிய நிறுவனம் 1911-இல் வேறு சிலவற்றோடு இணைந்தது. அதுவே 1924-இல் ஐபிஎம் என்று பெயர் மாறியது.

அந்த ஐபிஎம்மில்தான் நம் கதையின் அடுத்த கட்டம். 1960-களில் ஒரு கணினி ஓர் அறையையே அடைக்கும். விலையோ யானை விலை. அதைப் பல பேர் பங்கு போட்டுப் பயன்படுத்தியாக வேண்டும். அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரில் இருந்த ஐபிஎம் ஆய்வு மையத்தில் ராபர்ட் கிரீசி தலைமையிலான குழு சிபி-40 என்ற மென்பொருளை எழுதியது. 1967 ஜனவரியில் அது வேலைக்கு வந்தது. ஒரே இயந்திரம், 14 பேர் வரை. ஒவ்வொருவருக்கும் முழுக் கணினியும் தன்னுடையது என்றே தோன்றும்.

நம் தெருக்களில் ஒண்டுக் குடித்தன வீடுகள் நினைவிருக்கிறதா? ஒரே வாசல், ஒரே கிணறு, நாலைந்து குடும்பம். ஒவ்வொருவருக்கும் தனி அடுப்பு, தனிக் கணக்கு. ஒரு வீட்டுக் குழம்பு தீய்ந்தால் அடுத்த வீட்டுச் சாப்பாடு கெடாது. கிணற்றில் யார் எப்போது இறைப்பது என்று பார்த்துக்கொள்பவர் வீட்டுக்காரர். அந்த வீட்டுக்காரர் வேலையைத்தான் சிபி-40 செய்தது.

1972-இல் ஐபிஎம் இதை விஎம்/370 என்ற பெயரில் எல்லா வாடிக்கையாளர்களுக்கும் அறிவித்தது. அதற்கு அடுத்த ஆண்டு சென்னை ஐஐடிக்கு ஐபிஎம் 370/155 கணினி வந்தது. ஆனால் அந்த மாடல் முதலில் வெளிவந்தபோது விஎம்/370-க்குத் தேவையான வன்பொருள் அதில் கிடையாது. தனியாக வாங்கிச் சேர்க்க வேண்டும்.

பிறகு ஆளுக்கொரு கணினி என்ற காலம் வந்தது. பங்கு போடும் தேவை குறைந்ததால் இந்த யோசனையும் மங்கியது. மேசைக் கணினியின் இன்டெல் சில்லும் இதற்கு வாகாக வடிவமைக்கப்படவில்லை. 1999-இல் விஎம்வேர் நிறுவனம் சாமர்த்தியமான மென்பொருளால் அந்தத் தடையைத் தாண்டியது. ஆனால் அதைக் காசு கொடுத்து வாங்க வேண்டும். 2003-இல் பிரெஞ்சுக்காரர் ஃபாப்ரிஸ் பெல்லார்ட் கியூஎமு என்ற மென்பொருளைக் கட்டற்றதாக வெளியிட்டார். 2005, 2006-இல் இன்டெல், ஏஎம்டி சில்லுகளிலேயே இதற்கான வசதி வந்தது. 2007 ஜனவரியில் ஜெர்மனியின் இன்னோடெக் நிறுவனம் விர்ச்சுவல்பாக்ஸின் மூல நிரலைத் திறந்துவிட்டது. அது 2008-இல் சன் நிறுவனத்துக்கும் 2010-இல் ஆரக்கிளுக்கும் கை மாறியது. 2007 பிப்ரவரியில் கேவிஎம் லினக்ஸ் கருவிலேயே சேர்ந்தது.

கட்டற்றது வேறு, இலவசம் வேறு. விஎம்வேர் வொர்க்ஸ்டேஷனும் 2024-இல் இருந்து இலவசம்தான். ஆனால் அதன் மூல நிரல் நம் கையில் இல்லை. சமைத்த சோற்றை இலவசமாகப் போடுவது ஒன்று; சமைக்கும் பக்குவத்தையும் சொல்லி, மாற்றிச் சமைத்து நாலு பேருக்குப் போட உரிமையும் தருவது இன்னொன்று.

இதில் நம் ஊருக்கும் பங்குண்டு. சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ், 2011-இல் தொடங்கிய அரசு மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு சேர்ந்து வந்தது. உங்களில் பலர் அதைத் திறந்துகூடப் பார்த்திருக்க மாட்டீர்கள்! நம் ஊரில் காஞ்சி லினக்ஸ் பயனர் குழு இருக்கிறது. வாராவாரம் இணையவழியே கூடிப் பேசுகிறார்கள். அந்தக் குழுவின் த. சீனிவாசனும் நண்பர்களும் 2012-இல் தொடங்கிய 'கணியம்' மின்னிதழில் கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழிலேயே படிக்கலாம்.

எனக்கு எதற்கு இந்த வயதில் இதெல்லாம்? யூனிகோடு பரவும் முன் தமிழுக்கு ஆளாளுக்கு ஒரு குறியீடு. 1999-இல் அரசு டாம், டாப் என்று தரம் வகுத்தது. 2010-இல்தான் யூனிகோடுக்கு அரசாணை வந்தது. இடைப்பட்ட காலத்தில் நம் தெருப் பெரியவர்களிடம் கேட்டுக் கேட்டு, கரை வகைகள், புட்டாப் பெயர்கள், கூலிக் கணக்கு, தறிப் பாட்டு எல்லாவற்றையும் ஒரு தமிழ்ச் சொற்செயலியில் தட்டச்சு செய்து வைத்தேன். அந்தக் கோப்புகளை வேறு எந்த மென்பொருளும் திறக்காது. அந்தச் சொற்செயலியோ புதிய கணினியில் ஏறாது. சொன்ன பெரியவர்களில் பலர் இன்று இல்லை. திரும்பப் போய்க் கேட்க முடியாது.

விர்ச்சுவல்பாக்ஸில் என் பழைய எக்ஸ்பி சிடியை நிறுவி, அதற்குள் அந்தச் சொற்செயலியை ஏற்றினேன். கோப்பு திறந்தது. இப்போது தினம் இரண்டு பக்கமாக யூனிகோடுக்கு மாற்றி வருகிறேன்.

செய்து பார்க்க விரும்புவோருக்கு: 8 ஜிபி நினைவகம் இருந்தால் தாராளம். பயாஸில் விர்ச்சுவலைசேஷன் வசதியை இயக்குங்கள். எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரல் 8-உடன் ஆதரவு நின்றுவிட்டது. அதனால் அந்தக் குடித்தனத்துக்கு இணைய இணைப்பு கொடுக்காதீர்கள். மொத்த மெய்நிகர் வட்டும் ஒரே கோப்புதான். அதை வேறொரு வட்டிலும் நகல் எடுத்து வையுங்கள்.

உங்கள் வீட்டுப் பரணிலும் அப்பாவின் டிசைன் சிடியோ தாத்தாவின் கணக்கு பிளாப்பியோ கிடக்கலாம். சிடியும் பிளாப்பியும் பட்டுப் போல் தலைமுறை தாங்காது. இந்த விடுமுறையில் பரணில் ஏறிப் பாருங்கள். திறக்கவில்லையென்றால் என்னிடம் கொண்டு வாருங்கள், சேர்ந்து திறப்போம்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்